குழாயை ஆட்டும் விதம்

எனக்குத் தேநீர் ஆறிப்போனால்தான் குடிக்க முடியும். இருபத்தெட்டு வருடப் பழக்கம். ரத்த வங்கிக்குள் எதையும் கொண்டுபோகக் கூடாது என்பதால் கதவுக்கு வெளியே இருக்கும் அலமாரியின் மேல் தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போவோம். ஒரு தாங்கியில் நிற்கும் சோதனைக் குழாய்களை முடித்துவிட்டு வருவதற்குள் மேலே ஆடை படிந்திருக்கும். அதை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் திரும்பவும் உள்ளே. சற்று முன் நீங்கள் கொடுத்தது மிகச் சூடாக இருக்கிறது, டாக்டர். ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறேன். ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஐந்து கேள்விகளைத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறீர்கள். வரிசையாக எழுதுகிறேன். ஐந்தாவது கடைசியில்தான் வரும், அவசரப்பட வேண்டாம். மேலே வாக்குமூலம் என்று போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டையில்லை. மன்னிப்பு என்று இன்னொரு சொல் இருக்கிறது. அது இந்தத் தாள்களில் இனி எங்கும் வராது. தேடிச் சிரமப்பட வேண்டாம்.

முதல் கேள்வி, என் வேலை என்ன என்பது. உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும் வக்கீல்களுக்காகச் சொல்கிறேன்.

ஒருவருக்கு ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் என்ன வகை என்று பார்ப்பார்கள். அது எல்லோருக்கும் தெரியும். அது மட்டும் போதாது. ஒருமுறை பிறத்தியார் ரத்தம் உள்ளே போயிருந்தாலோ, பிள்ளை பெற்றிருந்தாலோ, சிலருடைய உடம்பு தனக்கில்லாத சிவப்பணுக்களை அடையாளம் கண்டு குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்புக்குத்தான் எதிர்ப்பொருள் என்று பெயர். நாங்கள் ஆன்டிபாடி என்போம். மறுபடி அதே மாதிரி அணுக்கள் வந்தால் பிடித்து உடைக்கும். வயதானவர்களிடம் இது கொஞ்சம் அதிகம். நீண்ட நாள் வாழ்ந்த உடம்பு, நாலு பேரைப் பார்த்திருக்கும், நாலு பேரோடு பகையும் இருக்கும்.

அந்தப் பகையைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. நோயாளியின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரை எடுத்து, தெரிந்த சிவப்பணுக்களோடு கலந்து, வெந்நீர்த் தொட்டியில் உடம்புச் சூட்டில் வைத்து, மூன்று முறை கழுவி, ஒரு துளி மருந்து விட்டுச் சுழற்றி எடுப்போம். குழாயின் அடியில் சட்டைப் பொத்தான் போலச் சிவப்பாக ஒன்று ஒட்டியிருக்கும். விளக்குக்கு முன்னால் பிடித்துக் குழாயைச் சாய்க்க வேண்டும். பொத்தான் புகை மாதிரி கலைந்தால் ஒன்றுமில்லை, நெகட்டிவ். மணல் மணலாக உதிர்ந்தால் பாசிட்டிவ். எதிர்ப்பொருள் பலமாக இருந்தால் என்ன செய்தாலும் கட்டியாகவே நிற்கும். பலவீனமாக இருந்தால் மெதுவாகச் சாய்த்தால் மட்டுமே அந்த மணல் தெரியும். மணிக்கட்டைக் கொஞ்சம் வேகமாக ஆட்டினால் மணலும் புகையாகிவிடும்.

எங்கள் சுவரில் ‘சாய்க்கவும், ஆட்ட வேண்டாம்’ என்று ஓர் அட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை எழுதியது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

இரண்டாவது கேள்வி, எப்போது தொடங்கியது.

ஆறு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். எழுபத்தாறு வயது. வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. காலை பத்தரைக்கு அவருடைய குழாயைச் சாய்த்தேன். மணல். மிகக் கொஞ்சம், சட்டைப்பையைத் தட்டினால் விழுமே, அவ்வளவு. பலவீனமான பாசிட்டிவ் என்று எழுதினேன். அப்படி எழுதினால் மாதிரியைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, என்ன எதிர்ப்பொருள் என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஒத்துவரும் ரத்தத்தைத் தேட வேண்டும். அதுவரை கொடுக்கக் கூடாது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வார்டு டாக்டர் தன் பொறுப்பில் எழுதித் தரலாம். தொலைபேசியில் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். அன்று பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. எழுதித் தர யாரும் வரவில்லை.

டிரைவரின் மனைவி எங்கள் ஜன்னலுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவு தெரியும். அவர் கணவரின் வகையில் அன்று பதினான்கு பைகள் இருந்தன.

“அத்தனை இருக்கேம்மா உள்ள. அதுல ஒண்ணு குடுத்தா என்ன?”

பொருந்தாதும்மா என்றேன்.

“நாப்பத்தஞ்சு வருஷமா எனக்கும் அவருக்குமே பொருந்தல. குடும்மா, அவரு சமாளிச்சுக்குவாரு.”

மறுநாள் மாலை நான்கு மணிக்கு டிரைவர் இறந்தார். அதற்கும் இரண்டு நாள் கழித்து ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. குறிப்பிடத்தக்க எதிர்ப்பொருள் எதுவும் இல்லை, பொதுவான பலவீன வினை, பொருட்படுத்தத் தேவையில்லை. பதினான்கில் எதைக் கொடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தத் தாளை எங்கள் துறைத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு, “ரூல்படிதான் செஞ்சிருக்கீங்க, ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?” என்றார்.

அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர். அந்த மனிதர் இறந்ததற்கு விசாரணை நடக்கவில்லை. எனக்கு யாரும் வெள்ளைத்தாளும் தேநீரும் கொடுக்கவில்லை. கேள்விகளைத் தட்டச்சு செய்யவும் ஆள் இல்லை. ஒழுங்காகச் சாய்த்துப் பார்த்து ஒருவரைக் கொன்றபோது முதுகில் தட்டிக் கொடுத்தீர்கள். நீங்கள் என்றால் நீங்களே என்று சொல்லவில்லை. உங்கள் நாற்காலி.

ஒன்றரை மாதம் கழித்துத் தட்டச்சுப் பள்ளி நடத்திய ஒருவருடைய மாதிரி வந்தது. எண்பத்தொரு வயது. சாய்த்தேன். அதே அளவு மணல். மருந்துப் பெட்டிகள் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது, அது ஏனோ நினைவிருக்கிறது. குழாயை நிமிர்த்திப் பிடித்து மணிக்கட்டை நாலைந்து முறை உதறினேன். தெர்மாமீட்டரை உதறுவோமே, அப்படி. மறுபடி பார்த்தேன். புகை. நெகட்டிவ் என்று எழுதினேன். அரைமணி நேரத்தில் பை மேலே போய்விட்டது. பத்தாம் நாள் அவர் தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனார்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஆறு வருடத்தில் நான் பார்க்காத எதையும் எழுதியதில்லை. பதிவேட்டில் ஒரு பொய் கிடையாது. குழாயில் புகையைப் பார்த்தேன், நெகட்டிவ் என்று எழுதினேன். முதல் சில மாதங்கள் சாய்த்துப் பார்த்துவிட்டு ஆட்டினேன். அதில் ஒரு சங்கடம் இருந்தது. மணலைப் பார்த்துவிட்டால் அது சாயங்காலம் வரை கண்ணுக்குள்ளேயே நிற்கும். பிறகு எடுத்தவுடனே ஆட்டிவிடப் பழகிக்கொண்டேன். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, உறுத்துவதற்கும் ஒன்றும் இருக்காது.

கடைசியில் ஒரு சரிபார்ப்புத் துளி சேர்ப்போம். சோதனை ஒழுங்காக நடந்ததா என்று அது காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத்தான் காட்டியது. அது மருந்தைத்தான் சரிபார்க்கும். கையைச் சரிபார்க்க இன்னும் துளி வரவில்லை.

எழுபது வயதுக்குக் கீழே உள்ளவர்களின் குழாய்களை அட்டையில் எழுதியபடியே சாய்த்தேன். ஏன் எழுபது என்று உங்களில் ஒருவர், கண்ணாடி போட்டவர், நேற்றுக் கேட்டார். எங்காவது ஒரு கோடு போட வேண்டும். ஓய்வுக்கு ஒரு வயது வைத்திருக்கிறீர்கள், சலுகைச் சீட்டுக்கு ஒரு வயது வைத்திருக்கிறீர்கள். அப்போது யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இளையவர்கள் இரண்டு நாள் காத்திருந்தால் தாங்குவார்கள். கிழவர்கள் தாங்க மாட்டார்கள். பரீட்சை எழுதிக்கொண்டே உயிரை விடுவார்கள். நான் அவர்களுக்குப் பரீட்சை இல்லாமலே தேர்ச்சி போட்டேன், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு பெயரும் கிடைத்தது. என்னோடு அதே அறையில் வேலை பார்ப்பவரை நாங்கள் ஜோசியர் என்று கூப்பிடுவோம். ஆளின் முகத்தைப் பார்த்தே ரத்த வகை சொல்வதாகப் பந்தயம் கட்டுவார், பத்துக்கு எட்டு தப்பாகவே இருக்கும். ஆனால் குழாய் பார்ப்பதில் அவரைப்போல் பொறுமைசாலி கிடையாது. பிறந்த குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்குவார். அதனாலேயே அவருடைய ஷிஃப்டில் வயதானவர்களுக்கு அடிக்கடி ரத்தம் தாமதமாகும். என் ஷிஃப்டில் ஆகாது. இரண்டு வருடத்துக்குள் இது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிட்டது. வார்டிலிருந்து நர்சுகளே, கொஞ்சம் பொறுங்க, அந்தக்கா மதியம் வந்துடுவாங்க, அவங்க கைராசி, என்று உறவுக்காரர்களிடம் சொல்லி மாதிரியைத் தாமதமாக அனுப்புவார்கள். ஜோசியருக்கு இதில் பொறாமை. “நான் தொட்டா எல்லாம் பாசிட்டிவ், நீ தொட்டா எல்லாம் நெகட்டிவ். நம்ம ரெண்டு பேரையும் ஒரே குழாயில போட்டுச் சுத்தணும்,” என்பார்.

எல்லோரையும்விட என் அம்மாவுக்குத்தான் பெருமை. நானும் அவளும் மட்டும்தான் வீட்டில். கல்யாணம் எனக்கு வாய்க்கவில்லை. வாய்த்தவரையும் அம்மா வாயால் விரட்டினாள். மாடிப்படியில் ஏறி இறங்குகிற எல்லோரையும் நிறுத்தி, என் பொண்ணு கை பட்டா சாகக் கிடக்கிறவன் எழுந்து காபி கேப்பான், என்று சொல்வாள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு மாறிவிடும். “கைய கழுவிட்டு வாடி. ஆஸ்பத்திரி நாத்தத்தோட சோத்துப் பானைய தொடாத.” இப்போது எண்பது ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன் குடலில் ஒரு பெரிய ஆபரேஷன் ஆகி எழுந்தாள். எழுந்தவள் முன்னைவிட அதிகமாகப் பேசுகிறாள். நேற்று நான் சீருடை போடாமல் உங்கள் விசாரணைக்குக் கிளம்பியதைப் பார்த்து, என்னடி, பரிசு குடுக்கறாங்களா, என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மூன்றாவது கேள்வி. என்ன ஆகும் என்று தெரிந்துதான் செய்தீர்களா.

தெரியும். இருபத்தெட்டு வருடம் இந்த வேலை பார்த்தவளுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? பலவீனமான எதிர்ப்பொருள் அன்றைக்கே ஒன்றும் செய்யாது. ரத்தம் ஏறும், முகம் தெளியும், நோயாளி எழுந்து உட்காருவார், வீட்டார் நம்மைக் கும்பிடுவார்கள். உடம்பு பழைய பகையை நினைவுபடுத்திக்கொள்ள ஐந்தாறு நாள் எடுத்துக்கொள்ளும். பிறகு வந்த அணுக்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து உடைக்கும்.

அதனால் ஏழாம் நாள் போய்ப் பார்ப்பேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், மூன்றாவது மாடிக்கோ நான்காவது மாடிக்கோ. கட்டிலின் கால்பக்கம் நின்று சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். ரத்த வங்கியிலிருந்து இப்படித் தேடிவந்து விசாரிக்கிற ஆள் வேறு யாரும் இல்லை என்று வார்டில் என்னைப் பற்றி நல்ல பேச்சு. பெரும்பாலானவர்கள் சாப்பிட்டேன் என்பார்கள். பாதிப் பேர் வீட்டுக்கே போயிருப்பார்கள். சிலருக்கு மட்டும் கண்ணின் வெள்ளை, பழைய புத்தகத்தின் தாள் மாதிரி மஞ்சளாகியிருக்கும். கட்டிலுக்குக் கீழே தொங்கும் பையில் சிறுநீர், பால் விடாத தேநீரின் நிறத்தில் இருக்கும். காய்ச்சல். நர்சு என் காதருகே வந்து, வயசாயிடுச்சில்லக்கா, ஒண்ணு போனா ஒண்ணு வருது, என்பாள். டாக்டர்கள் கிருமி என்று எழுதுவார்கள், ஈரல் என்று எழுதுவார்கள். எதுவும் கிடைக்காவிட்டால் அவர்களும் வயது என்றே எழுதுவார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்துவிடுவேன்.

எழுபது வயதுக்குமேல் ஒருவர் மஞ்சளாவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, டாக்டர். நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்கெனவே ஏற்பாடு செய்து வைத்திருந்தீர்கள். நான் அதற்குள் வேலை பார்த்தேன்.

ரத்தம் குறைந்ததும் வார்டிலிருந்து இரண்டாவது மாதிரி வரும். அதற்குள் எதிர்ப்பொருள் பலமாகியிருக்கும், எவ்வளவு ஆட்டினாலும் போகாது. அந்தக் குழாயை ஜோசியரின் தாங்கியில் வைத்துவிடுவேன். அவர் பாசிட்டிவ் என்று எழுதுவார். முதல் சோதனை நெகட்டிவ் என்பதால், ஏற்றிய ரத்தத்தால் புதிதாக உருவானது என்று எல்லோரும் முடிவு கட்டிக்கொள்வார்கள். ஜோசியரின் கணக்கில் முப்பத்தொரு பாசிட்டிவ் என்று நேற்றுச் சொன்னீர்கள். அதில் சில என்னுடையவை: இவையும், முதல் முறையே ஆட்டியும் கலையாமல் நின்றவையும்.

எத்தனை பேர் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மஞ்சளானவர்கள் ஒன்பது பேர். அவர்களில் வீட்டுக்குப் போகாதவர்கள் ஐந்து. நீங்கள் அந்த ஐந்து பேரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறீர்கள். நான் அன்றைக்கே ரத்தம் கிடைத்த தொள்ளாயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு வருவேன். அவர்களில் பெரும்பாலோரின் குழாயில் மணலே இருந்திருக்காது, எப்படியும் அன்றைக்கே கிடைத்திருக்கும் என்பீர்கள். இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் பார்க்கவில்லையே.

நான்காவது கேள்வி, இஸ்திரிக் கடை அம்மாவைப் பற்றி. என்னை இங்கே கொண்டுவந்தது அவர்தான்.

எழுபத்துநான்கு வயது. ஆறு பிள்ளை பெற்றவர். கடை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தார். குழாயை எடுத்தேன், ஆட்டினேன், நெகட்டிவ். ஆபரேஷனின்போது இரண்டு பை போயிற்று. ஏழாம் நாள் நான்காவது மாடிக்குப் போனபோது தலையணையில் சாய்ந்தபடி பக்கத்துக் கட்டில்காரியின் புடவை மடிப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணை நான் வாசலிலேயே பார்த்துவிட்டேன்.

“நீதானா அந்தக் கைராசிக்காரி? கையக் காட்டு பாக்கலாம்.”

காட்டினேன். கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய கை கொதித்தது.

“காஞ்சு போயிருக்கே. இஸ்திரி போடறவ கை மாதிரியே இருக்கு. தேங்கா எண்ணெ தடவு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கு என்னம்மா ஆச்சு? நேத்து வரைக்கும் நல்லா இருந்தேன். இவங்க யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. உனக்குத் தெரியுமா?”

“வயசுதாம்மா,” என்றேன்.

அவர் சிரித்தார். “வயசு நேத்தும் இருந்துச்சே.”

டாக்டர், இந்த ஆறு வருடத்தில் இந்த ஆஸ்பத்திரியில் கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அது. அதை ஒரு நோயாளி கேட்க வேண்டியிருந்தது. அன்றே நான் வார்டு டாக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மறுபடி அதே மாதிரி ரத்தம் போகாமல் தடுத்திருப்பார்கள், சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்த்திருப்பார்கள். சொன்னால் என் முந்தைய குழாய்களையும் எடுத்துப் பார்ப்பார்கள். கைராசி அன்றோடு முடியும். அதன் பிறகு வருகிற கிழவர்கள் எல்லோரும் வார்டில் இரண்டு நாள், மூன்று நாள் காத்துக் கிடப்பார்கள். ஒருவருக்காகப் பலரை விட முடியாது. இறங்கி வந்து ஆறின தேநீரைக் குடித்தேன். பதினோராம் நாள் அவர் இறந்தார்.

மூன்று வாரம் கழித்து அவருடைய மூத்த மகள் எங்கள் ஜன்னலுக்கு வந்தாள். அம்மாவின் கடையை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு டப்பா கிடைத்ததாம். வாடிக்கைக்காரர்களின் சட்டையிலிருந்து உதிர்ந்த பொத்தான்களைப் போட்டுவைக்கும் டப்பா. அதன் அடியில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சின்ன அட்டை. பத்தொன்பது வருடத்துக்கு முன் வேறோர் ஊர் ஆஸ்பத்திரி கொடுத்தது. இவருடைய ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது, ரத்தம் ஏற்றுமுன் இந்த அட்டையைக் காட்டவும். அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஏதோ வாடிக்கைக்காரர் சட்டைப்பையில் விட்டுப்போனது என்று பொத்தான்களோடு போட்டிருக்கிறார்.

“இதை நீங்க கண்டுபிடிச்சிருக்கணும் இல்லையாக்கா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பது மாதிரி கேட்டாள்.

வருடங்கள் போகப்போக இது மங்கிப்போகும், சோதனையில் தெரியாமலே இருக்கலாம், என்றேன். அது பொய்யில்லை, நீங்களே பாடம் எடுத்திருப்பீர்கள். ஆனால் அவள் என்னோடு நிற்காமல் மாடிக்கு, உங்களிடம் போய்விட்டாள். ஏற்றுவதற்கு முன் எடுத்த மாதிரியின் மிச்சத்தை உறையவைத்து ஆறு மாதம் வைத்திருப்பது எங்கள் வழக்கம். நீங்கள் அதை எடுத்து வெளியே அனுப்பினீர்கள். அங்கே யாரோ மெதுவாகச் சாய்த்துப் பார்த்திருக்கிறார்கள். மணல் இருந்தது. அதன் பிறகு என்னுடைய பதிவேடுகள் எல்லாவற்றையும் ஜோசியருடையவற்றோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள்.

ஜோசியர் நேற்று இந்த அறைக்கு வெளியே என்னைப் பார்த்தார். அவருடைய வலது கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். என் கையைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தன்னுடையதை மறைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ஆக, செய்தேன். தெரிந்து செய்தேன். ஐந்து பேர் இறந்தார்கள். என் கை செய்தது என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் எதற்காக என்று யாராவது கேட்டால், எல்லாக் கிழவர்களையும் ஒன்றுபோல நடத்தினாள், ஒருவருக்கும் தயவு காட்டவில்லை, ஒருவரையும் காக்க வைக்கவில்லை என்று எழுதுங்கள். அதில் எனக்கு வெட்கமில்லை. உங்களுக்கு ஒரு நாள் எழுபது வயதாகும். வார்டில் படுத்திருப்பீர்கள், கீழே கண்ணாடிக்குள் பதினான்கு பைகள் இருக்கும். அன்றைக்கு அட்டையில் எழுதியபடி மெதுவாகச் சாய்க்கிறவளைக் கேட்பீர்களா, என்னைக் கேட்பீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

தேநீர் ஆறிவிட்டது. குடித்துவிட்டு ஐந்தாவதற்கு வருகிறேன்.

ஐந்தாவது கேள்வியை நீங்கள் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறீர்கள். அந்த டிரைவருக்குப் பிறகான ஆறு வருடத்தில் எழுபது வயதுக்கு மேற்பட்ட தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேரை நான் சோதித்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு பாசிட்டிவ். அந்த ஒருவர் யார்?

பெயரையும் முகவரியையும் பார்த்திருப்பீர்கள். இருந்தும் நான் எழுத வேண்டும் என்கிறீர்கள். என் அம்மா.

இரண்டு வருடத்துக்கு முன், அந்தக் குடல் ஆபரேஷனுக்கு முன்னால். ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. வார்டில் அவசரப்பட்டார்கள். மாதிரி காலை பதினொரு மணிக்கு வந்தது. அன்று என் தாங்கியில் நான்கு குழாய்கள் இருந்தன, நான்கும் எழுபது வயதுக்கு மேல். அம்மாவுடையது மூன்றாவது. நான் அதை எடுத்து விளக்குக்கு முன்னால் பிடித்துச் சாய்த்தேன். சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்தேன். மணல் இருந்தது. மிகக் கொஞ்சம். பாசிட்டிவ் என்று எழுதி, மாதிரியைப் பெரிய ஆய்வகத்துக்கு நானே கையில் கொண்டுபோனேன்.

ஒத்துவரும் ரத்தம் கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, மூக்கில் குழாயோடு, என்னை முறைத்துக்கொண்டே படுத்திருந்தாள். ஊருக்கெல்லாம் உடனே குடுக்கறியாமே, பெத்தவளுக்கு இல்லையா, என்று கேட்டாள். பொறும்மா, சரியானது வரட்டும், என்றேன். ஜோசியர்கூடத் தோளில் தட்டிவிட்டு, “கைராசியெல்லாம் ஊராருக்குத்தான் போல, வீட்டுக்கு வேலை செய்யல,” என்றார். அந்த இரண்டு நாளும் நான் ஜன்னலுக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் ரத்தம் வந்தது. ஏழாம் நாள் விடிந்ததும் அம்மாவின் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

ஏன் அந்தக் குழாயை மட்டும் சாய்த்தேன் என்று அடுத்துக் கேட்பீர்கள். இதில் நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. அன்று எனக்கு மணிக்கட்டில் வலி. காலையில் அம்மாவைத் தூக்கி வண்டியில் ஏற்றியபோது பிடித்துக்கொண்டது. வேகமாக ஆட்ட முடியவில்லை. அவ்வளவுதான்.

நான்காவது குழாய் எழுபத்தொன்பது வயதுக்காரர் ஒருவருடையது. அதை எப்போதும்போல ஆட்டிப் பார்த்தேன். நெகட்டிவ்.